பழைய வேனின் பல்சக்கரப் பெட்டி

ஒரு வண்டியின் உயிர் அதன் இஞ்சினில் இருக்கிறது என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இஞ்சின் சுழல்வது மட்டும் போதுமானால், கியர் பாக்ஸ் என்னும் பல்சக்கரப் பெட்டிக்கே இடமிராது. நின்ற வண்டியை நகர்த்தப் பெரும் முறுக்குவிசை வேண்டும். ஓடும் வண்டிக்கு அவ்வளவு வேண்டாம், வேகமே வேண்டும். பன்னிரண்டு பற்களுள்ள சிறு சக்கரம் முப்பத்தாறு பற்களுள்ள பெரிய சக்கரத்தைத் திருப்பினால், பெரியது மூன்றிலொரு பங்கு வேகத்தில் சுழலும்; ஆனால் ஏறக்குறைய மும்மடங்கு முறுக்குவிசையைப் பெறும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் இந்தப் பண்டமாற்றுதான் கியர்.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய சுசூகி கேரி வண்டியைத் தழுவி, 1984-ஆம் ஆண்டில் மாருதி நிறுவனம் வெளியிட்ட வேன் அது. 1988-இல் ஆம்னி என்னும் பெயர் பெற்றது. 2019-இல் அதன் உற்பத்தி நின்றது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் அமர்ந்திருக்கும். அதன் பின்னே கிளட்சு, கியர் பாக்ஸ், நீண்ட புரொப்பெல்லர் ஷாப்டு, இறுதியில் பின்னச்சிலுள்ள கிரவுன், பினியன் என்னும் சக்கரங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் சுமந்த வண்டி இது. ஆகவே இதன் பல்சக்கரங்களின் நலம் உடையவனுடைய பணப்பையோடு முடிந்துபோகும் விஷயமன்று.

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது வண்டியைக் கீழ் கியரில் வைத்தால், சக்கரங்கள் இஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்த எதிர்ப்பே வேகத்தைத் தடுக்கும். பிரேக்குக்கு அதனால் ஓய்வு கிடைக்கிறது. தேய்ந்த பெட்டியில் இந்த இறக்கத்திலேயே கியர் தானாக நழுவி வெளியே வந்துவிடுவது உண்டு. அப்போது வண்டி முழுவதும் பிரேக்கின் கையில் விழுகிறது. பிரேக்கு தொடர்ந்து உராய்ந்து சூடேறினால் பிடிப்புக் குறையும். கியர் நழுவும் வண்டியை, ‘கையால் பிடித்துக்கொண்டு ஓட்டலாம்’ என்று சொல்லும் ஓட்டுநர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சாமர்த்தியத்தை என்னால் மெச்ச முடியவில்லை. கியரை அதன் இடத்தில் நிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். நகர்த்தும் கவை தேய்ந்திருக்கலாம். பற்களின் முனை மழுங்கியிருக்கலாம். பெட்டியைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே குறை தோன்றும். எனவே பெட்டியைப் பிரிக்குமுன் அந்த ரப்பரைப் பார்ப்பது அறிவுடைமை.

பெட்டியைத் திறவாமலே பெரும்பாலான நோய்களைச் செவியால் அறியலாம். வண்டி நியூட்ரலில் நின்றிருக்க, கிளட்சு மிதியை விட்டிருக்கும்போது உறுமல் கேட்டு, மிதித்தவுடன் அது அடங்கினால், பெட்டிக்குள் நுழையும் தண்டின் பேரிங்கை ஐயுறவேண்டும். மாறாக, மிதிக்கும்போது மட்டும் ஓசை எழுந்தால், கிளட்சை விடுவிக்கும் பேரிங்கின்மீது ஐயம் விழும். கியர் மாற்றும்போது கறகறவென்று அரைத்தால், அது எல்லாக் கியர்களிலும் அரைக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்று கேளுங்கள். எல்லாவற்றிலும், அதிலும் ரிவர்ஸில் மிகுதியாக அரைத்தால், கிளட்சு முழுதும் விடுபடவில்லை என்று பொருள். கேபிளைச் சரிசெய்வதோடு வேலை முடிந்தாலும் முடியும். ஒரே கியரில் மட்டும் எனில், அந்தக் கியரின் வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை வளையம் தேய்ந்திருக்கக்கூடும். புறப்படும்போது ‘டங்’கென்று ஓர் இடி கேட்டால், புரொப்பெல்லர் ஷாப்டின் யூ.ஜே. கிராஸை முதலில் ஆட்டிப் பார்க்கவேண்டும்.

பித்தளை வளையம் என்றேன். எண்ணெயைப் பற்றி ஒரு சொல் கூற இதுவே இடம். பின்னச்சின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வழுக்குவதால், அங்கே கடும் அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் மிகுந்த எண்ணெய் வேண்டும். அதே எண்ணெயைக் கியர் பாக்ஸில் ஊற்றினால், அச்சேர்க்கைகளுள் சில, சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். ஆகையால்தான் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று இரு தரங்கள் குறிக்கப்படுகின்றன. ‘பெரிய எண் உயர்ந்தது’ என்று எண்ணி ஊற்றுவது பட்டறைகளில் காணும் பழக்கம். வண்டியின் கையேடு சொல்வதே இங்கு கேட்கத்தக்கது.

பழைய எண்ணெயை வண்டி சிறிது ஓடிச் சூடான பின் வடிக்கவேண்டும். அப்போது கசடும் கூடவே வரும். ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வைத்த பின்னரே குனியவேண்டும். வடித்ததை ஒரு வெள்ளைத் துணியில் பாருங்கள். பொன்னிறத் துகள் பித்தளை வளையத்தின் தேய்வு. பால் போலிருந்தால் நீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓடிய வண்டிகளில் இது காணப்படும். மெல்லிய கருஞ்சாம்பல் பொடி இயல்பான தேய்வாகலாம். விரலில் நெருடும் எஃகுத் துண்டு அகப்பட்டாலோ, பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய வண்டி வாங்குவோர்க்கும் இந்தச் சோதனை பயன்படும். ஊளையிடும் பெட்டியில் மிகக் கெட்டியான எண்ணெயையோ, மரத்தூளையோகூடப் போட்டுச் சத்தத்தை அடக்கி விற்கும் தந்திரம் மோட்டார் உலகில் நெடுநாளாகப் பேசப்படுவது. அப்பெட்டி சில நாள் அமைதியாக இருக்கும். பிறகு உயவு எட்டாமல் பேரிங்குகள் பாழாகும். அத்தகைய வேன் ஒன்று பள்ளிக்கு ஒப்பந்தமாகிவிட்டால் பிள்ளைகள் அதில்தான் ஏறுவர். விலை பேசுமுன் வடிகால் திருகைச் சிறிது தளர்த்திக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் பேரம் வேண்டாம்.

பெட்டியை இறக்கும்போது புரொப்பெல்லர் ஷாப்டும் அது சேரும் தட்டும் ஒட்டும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுக்கொள்ளவேண்டும். மீண்டும் பூட்டும்போது கோடுகள் ஒன்றையொன்று சந்தித்தால், தண்டு முன்னிருந்த சமநிலையிலேயே சுழலும். பிசகினால் வேகத்தில் அதிர்வு கிளம்பக்கூடும். புதிய எண்ணெயை, சமதளத்தில் நிற்கும் வண்டியில், ஊற்றும் துளையின் கீழ்விளிம்பைத் தொடுமட்டும் ஊற்றவேண்டும். பின்னர் ஆளில்லாத சாலையில் ஒவ்வொரு கியராக ஓட்டிப் பார்த்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டு, கியர் தன் இடத்தில் நிற்கிறதா என்று சோதிக்கவேண்டும். மலைப் பாதைக்கு வண்டியை அனுப்புவது அதற்குப் பிறகே.