வாய் கொடுத்தவர்கள்



‘வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்’ என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இன்று நான் சொல்லப்போவது நிஜமாகவே வாயைக் கொடுத்தவர்களைப் பற்றி. கொடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்களோ இல்லையோ, அதை வைத்து நாங்கள் பிழைத்தோம்.

நான் பல் மருத்துவர். 20 வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி, ‘எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?’ இரண்டாவது, ‘இருக்கிறதே 32 பல்லு. அதுக்கு எதுக்கும்மா அஞ்சு வருஷம்?’ முதல் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது. இரண்டாவதற்கு இன்று சொல்லிவிடுகிறேன்.

பி.டி.எஸ். படிப்பு நான்கு வருஷம். அதன்பிறகு ஒரு வருஷம் கல்லூரி மருத்துவமனையிலேயே பயிற்சி. முதல் வருஷத்தில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. பிணத்தை அறுத்துப் படிப்பதும் உண்டு. ஃபார்மலின் வாடை கையை விட்டுப் போகாமல், அந்த மாதம் முழுக்கச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர். இரண்டாம் வருஷம் மருந்தியல், நுண்ணுயிரியல். மூன்றாம் வருஷம் பொது மருத்துவம், பொது அறுவைச் சிகிச்சை. கடைசி வருஷம் ஈறுக்கு ஒன்று, வேர் சிகிச்சைக்கு ஒன்று, குழந்தைகளின் பல்லுக்கு ஒன்று, கோணல் பல்லுக்கு ஒன்று என்று மொத்தம் எட்டுப் பாடங்கள். 32 பல்லுக்கு இவ்வளவா என்றால், அந்த 32-ம் ஓர் உடம்பில் அல்லவா இருக்கிறது? சர்க்கரை இருப்பவருக்குப் பல் எடுத்தால் புண் எப்படி ஆறும், இதயநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் எப்படி நிற்கும் என்று தெரியாமல் குறட்டைக் கையில் எடுக்க முடியாது.

இதெல்லாம் மூளைக்கான படிப்பு. கைக்கான படிப்பு மெழுகில் தொடங்கும்.

சோப்புக்கட்டியில் பாதி அளவுக்கு ஒரு மெழுகுத் துண்டு கொடுப்பார்கள். அதை மெல்லிய கத்தியால் செதுக்கிப் பல்லாக்க வேண்டும். மேல்வரிசையின் நடுப்பல் என்றால் வெளியே தெரியும் பகுதி பத்தரை மில்லிமீட்டர், வேர் 13 மில்லிமீட்டர். அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். அரை மில்லிமீட்டர் கூடினால் ‘இது பல்லா, தந்தமா?’ என்பார்கள். குறைந்தாலோ அதைவிட மோசம். செதுக்கியதை ஒட்டவைக்க முடியாது, புதுத் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விடுதியின் எந்த அறைக் கதவைத் தட்டினாலும் தரை முழுக்க மெழுகுச் சீவல் கிடக்கும். அதை மிதித்து வழுக்கி விழாத ஆளே கிடையாது.

அடுத்தது நிஜப் பல். வேர் சிகிச்சை பழகப் பிடுங்கிய பல் வேண்டும். அதற்காகக் கையில் ஒரு பாட்டிலுடன் ஊரிலுள்ள கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவோம். ‘டாக்டர், கடவாய்ப் பல் இருக்குமா டாக்டர்?’ யாசகம்தான். நல்ல கடவாய்ப் பல் ஒன்று கிடைத்துவிட்டால் அன்று விடுதியில் ராஜமரியாதை. ஒரு தீபாவளி விடுமுறையில் துவைக்கும் துணியை எடுக்க என் பையைத் திறந்த அம்மா, அந்தப் பாட்டிலைப் பார்த்து அலறியது தெருவுக்கே கேட்டது. ‘படிக்கத்தானே அனுப்பினோம்?’ என்று அப்பாவிடம் கேட்டார்.

பிறகு உலோகத் தலை. மேஜையில் ஒரு தலை பொருத்தியிருக்கும். அதன் வாயில் பல் வரிசை. அதில்தான் துளையிடவும் அடைக்கவும் பழகுவோம். கருவி, நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். நீங்கள் பல் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து கேட்டுப் பயப்படும் ‘உய்ங்’ என்ற சத்தம் அதுதான். மேல்வரிசைப் பல்லை நேராகப் பார்க்க முடியாது. சின்னக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். கண்ணாடியில் முன்னுக்குப் போவது போலத் தெரிந்தால் கை நிஜத்தில் பின்னுக்கு வரும். இதைப் பழக, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு நோட்டில் எங்கள் பெயரை எழுதிப் பார்ப்போம். முதல் வாரம் என் பெயர் எந்த மொழியிலும் இல்லை.

அந்த உலோகத் தலைக்கு எச்சில் கிடையாது, பயம் கிடையாது. முக்கியமாக, நாக்கு கிடையாது. நாக்கைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே படித்திருக்கிறோம். அதன் தசைகள், நரம்புகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கருவி எங்கே போகிறதோ அங்கே அதுவும் எட்டிப் பார்க்க வரும் என்பது, மூன்றாம் வருஷம் முதல் நோயாளியின் வாய்க்குள் கை வைத்தபோதுதான் தெரிந்தது.

நேயர்களே, பல் மருத்துவப் படிப்பின் விசேஷம் இங்கேதான் இருக்கிறது. மாணவர் கடைசி வருஷத் தேர்வு எழுதுவதற்கு முன்பே, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, தன் கையாலேயே பல் சுத்தம் செய்திருக்க வேண்டும், அடைத்திருக்க வேண்டும், மரத்துப்போக ஊசி போட்டிருக்க வேண்டும், பல் எடுத்திருக்க வேண்டும். இத்தனை நோயாளிகள் என்று கணக்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். வெள்ளைக்கோட்டும் ரெக்கார்டு நோட்டுமாக வராந்தாவில் ரேஷன் கடை போல வரிசையில் நிற்போம்.

முதல் பல் எடுத்த நாள் யாருக்கும் மறக்காது. எனக்கு வந்தவர் ஒரு பெரியவர். கீழ்த்தாடையில் ஊசி போட்டுவிட்டு, ‘உதடு பாதி தடிச்ச மாதிரி இருக்கா?’ என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டேன். அந்தப் பெரியவர், ‘நீ கேட்டுக் கேட்டே மரத்துப் போச்சும்மா’ என்றார். குறட்டைப் பிடித்ததும் ஆசிரியர் காதருகே சொன்னது ஒன்றே ஒன்று: ‘பிடுங்காதே.’ ஆமாம், பல்லைப் பிடுங்கக் கூடாது. மெதுவாக அசைத்து அசைத்து எலும்பின் குழியை அகலப்படுத்தினால், பல் தானே வரும். ஊரெல்லாம் ‘பல் பிடுங்குறவங்க’ என்று அழைக்கும் எங்களுக்குக் கல்லூரி சொல்லித்தருவது பிடுங்காமல் இருக்க.

எடுத்ததோடு வேலை முடியாது. ‘மேல் பல்லை எடுத்தா கண் பார்வை போயிடுமாமே?’ என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். பல்லின் நரம்பு வேறு, பார்வையின் நரம்பு வேறு என்று படம் போட்டு விளக்குவோம். ‘அப்படியா’ என்று தலையாட்டிவிட்டு, ‘எதுக்கும் கீழ்ப் பல்லை மட்டும் எடுத்திரும்மா’ என்பார்.

இத்தனையையும்விட மாணவர்களை அலையவிடுவது ஒன்று இருக்கிறது. அதுதான் முழுப் பல்செட்டு. வாயில் ஒரு பல்கூட இல்லாதவருக்கு, மேலும் கீழும் முழு வரிசை செய்து மாட்டித் தர வேண்டும். குறைந்தது ஐந்து தடவையாவது அவர் வர வேண்டும். மூன்றாவது தடவையோடு அறுவடை வந்துவிட்டது, பேத்திக்குக் கல்யாணம் என்று அவர் நின்றுவிட்டால் செய்த வேலை அவ்வளவும் வீண். அதனால் பஸ்ஸிலும் கோயிலிலும் பொக்கை வாயாக யாராவது சிரித்தால் எங்களுக்கு உள்ளம் குளிரும். ஆள் கிடைத்தால் பஸ் காசு, காலை டிபன் எல்லாம் எங்கள் செலவு.

எனக்குக் கிடைத்தவர், விடுதியில் தோசை ஊற்றும் அக்காவின் மாமியார். எழுபது வயதைத் தாண்டியவர். வெற்றிலையைக் கையடக்க இரும்பு உரலில் இடித்துப் போட்டுக்கொள்வார். முதல் நாள் அவர் கேட்ட ஒரே கேள்வி, ‘செட்டு போட்டா அந்த உரலைத் தூக்கிப் போட்டுடலாமா கண்ணு?’ வெற்றிலையோடு புகையிலை சேர்க்கிறாரா என்று விசாரித்து, கன்னத்தின் உட்புறத்தை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினோம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று பெரும்பாலும் தெரியும் இடங்களில் ஒன்று அது.

படிவத்தில் கணவர் பெயர் எழுத வேண்டும். கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. ‘ஆறு முகம் இருக்கிற சாமி’ என்றார். ஆறுமுகமா என்றேன். ‘அது இல்ல, அந்தச் சாமிக்கே இன்னொரு பேரு.’ முருகனா, வேலனா, கந்தசாமியா என்று போய், சுப்பிரமணி என்றதும் வெட்கத்தோடு தலையாட்டினார். பின்னால் காத்திருந்த மூன்று நோயாளிகளும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார்கள்.

அச்சு எடுக்கும் பசையில் கிராம்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் உண்டு. ‘லவங்க வாசனை வருதே, பிரியாணியா?’ என்று கேட்டார். மூன்றாவது தடவை வந்தபோது, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவே எவ்வளவு உயரம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். உயரம் கூடினால் பற்கள் எப்போதும் இடித்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் முகம் ஒடுங்கிப்போகும். உதடு லேசாகச் சேர்ந்து, தாடை தளர்ந்து நிற்கும் நிலையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ‘ம’ என்ற ஒலியைச் சொல்லச் சொல்ல வேண்டும் என்கிறது புத்தகம். நமக்கு அதற்கென்று தனிச் சொல் தேட வேண்டியதில்லை. ‘அம்மா’ என்றார். நான் அளந்துகொண்டேன்.

நான்காவது தடவை, பற்களை மெழுகில் வரிசையாகப் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது. முன்பல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, எங்கள் ஆங்கிலப் புத்தகம் நோயாளியை ‘ஃபிஃப்டி ஃபைவ்’ என்றும், ‘சிக்ஸ்டி சிக்ஸ்’ என்றும் சொல்லச் சொல்கிறது. மேல் பல் கீழுதட்டை எங்கே தொடுகிறது என்று முதலாவது காட்டும். இடைவெளி சரியா, விசில் அடிக்கிறதா என்று இரண்டாவது காட்டும். பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. யோசித்தேன். ‘பாட்டி, என்ன போடுவீங்க?’ ‘வெத்தலை.’ மேல் பல் கீழுதட்டின் ஓரத்தைப் பட்டும் படாமலும் தொட்டது. முதலாவது பாஸ். ‘தாத்தா பேரு என்ன பாட்டி?’ ‘அதான் சாமி பேருன்னு சொன்னேன்ல!’ ‘சாமி’யிலும் ‘சொன்னேன்’னிலும் விசில் இல்லை. இரண்டாவதும் பாஸ். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தெரியாத மூன்று சொற்களை அன்று என் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

அன்றிரவு ஆய்வகத்தில் மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக்கைச் சப்பாத்தி மாவுப் பதத்தில் வைத்து அழுத்தி, நீரில் மெல்ல மெல்லச் சூடேற்றினேன். அவசரப்பட்டால் உள்ளே குமிழி விழுந்துவிடும்.

செட்டை மாட்டிய மறுநாள் பரிசோதனைக்கு வர வேண்டும். வந்தார். அன்று எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையில். பேராசிரியை உதட்டைத் தூக்கிப் பார்த்தார், கடிக்கச் சொன்னார். ‘எங்கயாவது வலிக்குதா பாட்டி?’ என்று கேட்டார். ‘ஒண்ணும் இல்லீங்கம்மா. பொண்ணு நல்லாத்தான் செஞ்சிருக்கு.’ பேராசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். அவர் நகர்ந்ததும் பாட்டி என் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார். செட்டைக் கழற்றி, நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில், இடது ஓரத்தில், அரிசி அளவுக்குச் சிவந்த புண். ராத்திரி முழுக்க வலித்திருக்கிறது. ‘ஏன் பாட்டி சொல்லலை?’ என்றேன். ‘உனக்குக் கையெழுத்து வேணும்ல?’

அந்த ஓரத்தைக் குறித்து, ராவி, வழவழப்பாக்கி மாட்டிவிட்டேன். அதற்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷ வேலை பாக்கி இருக்கும்போதே ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்திருந்தது. அந்தக் கையெழுத்தைக் கொடுத்தது பேராசிரியை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர். அகமது கல்கத்தாவில் தொடங்கியது 1920-ல். சென்னையில் இந்தப் படிப்பு வந்தது 1953-ல். அன்றிலிருந்து இன்றுவரை பல் மருத்துவராகி வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் பின்னால், இப்படி வாயைத் திறந்து காட்டிய சிலர் இருக்கிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தில் அவர்கள் பெயர் இருக்காது. பாட்டியின் பெயரை நானும் சொல்லவில்லை. அவர் தாத்தாவின் பெயரைக் காப்பாற்றியது போல நானும் காப்பாற்றுகிறேன்.

பல் மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைக்குக் கட்டணம் குறைவு. நேரம்தான் அதிகம் ஆகும். அங்கே போனால், உங்கள் முன்னால் கை லேசாக நடுங்க ஒரு பிள்ளை வந்து நிற்கலாம். பொறுமையாக வாயைத் திறங்கள். பக்கத்தில் ஆசிரியர் இருப்பார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்காக இரக்கப்பட்டு, வலியை மட்டும் மறைக்காதீர்கள். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள். கையெழுத்து ஒரு நாள் தள்ளிக் கிடைத்தாலும் பரவாயில்லை. எங்கே வலிக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.