கஞ்சியும் புளியங்கொட்டையும்

கலைப்பொருள் பாதுகாப்பைப் பற்றிய எந்தக் கருத்தரங்கிலும் நிறங்களைப் பற்றிப் பேச ஆள் உண்டு. சாதிலிங்கம், அரிதாரம், அவுரி என்று நீளும் அந்தப் பட்டியல். தங்க ரேக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த நிறத்தையும் ரேக்கையும் தாங்கும் துணியைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பசைக்கு மட்டும் நம் அறிக்கைகளில் ஒரே வரிதான்: 'மாவுப் பசை, அயோடின் சோதனையில் நீலம்.' தலைமை உரை என்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை அந்த ஒரு வரியோடு சண்டை போடப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

வேதியியலார் சற்றுப் பொறுக்க வேண்டும், ஓவியர்களும் வந்திருக்கிறார்கள். மாவுச்சத்து என்பது செடி தன் தேவைக்குச் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலி. அரிசியில் அதன் மணிகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் கீழே. உருளைக்கிழங்கில் 100 மைக்ரான் வரை போகும். தண்ணீரோடு சூடாக்கினால், கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டி ஊதி உடைந்து கூழாகிறது. கிளையற்ற அமைலோஸ் வெளியே கசிகிறது. கிளைத்த அமைலோபெக்டின் குழகுழப்பைத் தருகிறது. ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. நேற்று காய்ச்சிய பசை இன்று கட்டிதட்டி நீர் விடுவது இதனால்தான். பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளருக்கும் சுவரொட்டிக்கு மைதா கிளறுகிறவருக்கும் இதில் எதுவும் புதுச் செய்தி அல்ல.

இந்தப் பசையின் வயதும் சாதாரணமானதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, பாப்பிரஸ் தாள் ஒட்டும் முறையை எழுதும்போது, நைஸ் மாவைக் கொதிநீரில் கரைத்துச் சில துளி புளிக்காடி சேர்க்கச் சொல்கிறார். இஸ்லாமிய உலகில் காகிதத்துக்கு மாவுக் கஞ்சி பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் நாட்டுச் சிற்றோவியர்கள் வஸ்லி அட்டைக்குத் தாள்மேல் தாளாக ஒட்டியதும் மாவுப் பசையால்தான்.

பசை பலவீனமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஜப்பானியர்கள். கோதுமை மாவிலிருந்து பசையப் புரதத்தைக் கழுவி நீக்கிய மாவுச்சத்தைக் காய்ச்சி, கடுங்குளிர் நாட்களில் ஜாடியில் நிரப்பி மூடிவைப்பார்கள். ஆண்டுக்கொரு முறை திறந்து, மேலே படிந்த பூஞ்சணத்தை வழித்து, தண்ணீரை மாற்றி மூடுவார்கள். பத்தாண்டுகள் வரைகூட இது நடக்கும். நுண்ணுயிர்கள் சங்கிலிகளைத் துண்டாக்கித் துண்டாக்கி, கடைசியில் மிஞ்சுவது மிக மெலிந்த ஒரு பசை: ஃபுருநோரி. சுருட்டித் தொங்கவிடும் ஓவியங்களுக்கு அதுதான் தேவை. நூறு தடவை சுருட்டி விரித்தாலும் தாள் முறியக்கூடாது. அடுத்த தலைமுறைக் கைவினைஞர் ஈரம் காட்டினால் அடுக்கு தானே கழன்று வர வேண்டும். 1966 நவம்பரில் ஃபிளாரன்ஸ் வெள்ளத்தில் நூல்கள் ஊறிப்போனபின், ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் மேற்கத்தியப் பட்டறைகளில் பரவலாக இடம்பிடித்தன. அங்கிருந்துதான் நம் கையேடுகளுக்கும் வந்தன. நல்ல பாடம், ஆனால் அந்தக் கையேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தஞ்சாவூர்ப் பலகையின்மேல் வைக்கும்போதுதான் சிக்கல்.

தஞ்சை ஓவியத்துக்குப் பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டியது புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சுவார்கள். ஒடிசாவின் ரகுராஜ்பூர்ப் பட்டசித்திரக்காரர்கள் பழந்துணியின் இரண்டு அடுக்கைச் சேர்ப்பதும், கொண்டப்பள்ளிப் பொம்மைக்காரர்கள் மரத்தூளைப் பிசைந்து உறுப்புகளைப் பொருத்துவதும் இதே கொட்டையால்தான். காய்ச்சினால் கூழ், காய்ந்தால் கெட்டி, அயோடின் விட்டால் நீலமோ நீலப்பச்சையோ. மாவுப் பசை என்று எழுதிவிடுகிறோம்.

புளியங்கொட்டையில் இருப்பது மாவுச்சத்து அல்ல, சைலோகுளூக்கன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்லைடன் சில விதைகளின் செல்சுவர் அயோடினில் நீலமாவதைப் பார்த்து, மாவுச்சத்துக்கு நெருங்கிய பொருள் என்று கருதினார். அந்த மயக்கம் இன்னும் நம்மை விடவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத ஒட்டரிசியின் பசை அயோடினில் செம்பழுப்பாகும். மாவு அல்லாதது நீலம் காட்டுகிறது. அசல் மாவு நீலம் காட்ட மறுக்கிறது. இப்படிப்பட்ட சோதனையை நம்பி ஓவியத்தில் கைவைக்கலாமா?

சைலோகுளூக்கனின் முதுகெலும்பு செல்லுலோஸின் முதுகெலும்பேதான். அதில் சைலோஸும் காலக்டோஸும் கிளைகளாகத் தொங்குகின்றன. செடியின் செல்சுவரில் இதே வகைப் பொருள் செல்லுலோஸ் இழைகளோடு ஒட்டிக் கிடக்கிறது. பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசை இப்படிக் கவ்விப் பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை. இந்தக் கொட்டை மாவை நூலுக்குக் கஞ்சியாக்கலாம் என்று 1940களின் தொடக்கத்தில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கோஸும் கிருஷ்ணாவும் ஆராய்ந்து சொன்னார்கள். நம் சித்திரக்காரர்கள் யாரையும் கேட்காமல் அதற்கு முன்பே பயன்படுத்திவந்தார்கள்.

இப்போது கையேட்டுக்கு வருவோம். பழைய மாவுப் பசையை இளக்க அமைலேஸ் நொதியைக் களிம்பாக வைப்பது வழக்கம். அமைலேஸ் புளியங்கொட்டைப் பசையைத் தொடவே தொடாது. சரி, அதை அறுக்கும் நொதியைத் தேடினால் செல்லுலேஸ் குடும்பத்தில் போய் நிற்போம். அது பசையோடு துணியையும் தின்னத் தொடங்கும். ஈரம் வைத்துப் பார்க்கலாம் என்றால், இந்தப் பசை குளிர்நீரில் ஊறுமே தவிர எளிதில் கரையாது. அதற்குள் மேலே சுக்கான் பூச்சையும் புடைப்பு வேலையையும் பிடித்திருக்கும் கோந்து கரைந்துவிடும்.

சர்க்கரைகளைப் பிரித்து அளப்பதுதான் நம்பகமான வழி. மாவுச்சத்து குளூக்கோஸ் மட்டுமே தரும். புளியங்கொட்டை குளூக்கோஸ், சைலோஸ், காலக்டோஸ் மூன்றையும் ஏறத்தாழ 3:2:1 விகிதத்தில் தரும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மரத்திலிருந்து சைலோஸ் வரும். கோந்திலிருந்து காலக்டோஸ் வரும். எந்த அடுக்கில் ஊசி வைத்து மாதிரி எடுத்தோம் என்பதைக் குறிக்காத முடிவை நான் ஏற்க மாட்டேன்.

பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நூல் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் போட்டார்கள், வஸ்லியிலும் உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது; மைதாவிலும் கொட்டை மாவிலும் உள்ள புரதம் பூச்சிக்கு விருந்து. ஆனால் துத்தத்திலுள்ள செம்பு காகிதத்தின் செல்லுலோஸ் சிதைவதைத் துரிதப்படுத்தும். பூச்சியரித்த ஓரத்தையும் செம்பு அரித்த ஓரத்தையும் வேறுபடுத்தாமல் 'சேதம்' என்று ஒரே கட்டத்தில் டிக் அடிக்கும் படிவங்களை நாம் கைவிட வேண்டும்.

இன்னொன்று அவசரம். தஞ்சையில் பலர் ஒட்டுப்பலகைக்கும் கடையில் வாங்கும் வெள்ளைப் பசைக்கும் மாறிவிட்டார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கொட்டை வறுத்து அரைக்க யாருக்கு நேரம்? ஆனால் கொட்டைப் பசை காய்ச்சத் தெரிந்த கைகள் இருக்கும்போதே அவர்களிடம் மாதிரி வாங்கிக் காயவைத்து, எத்தனை நேரம் வறுத்தார், எவ்வளவு தண்ணீர், துத்தம் சேர்த்தாரா என்று எழுதி, நம் ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அதற்கொரு சிறு குழுவை இன்று மாலை அமர்வில் அமைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

கட்டுரை படிக்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மாவுப் பசை' என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால், எந்தச் செடி, எந்தச் சோதனை என்று வாய்மொழியாகவேனும் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் 'கார்போஹைட்ரேட் பசை, வகை அறியப்படவில்லை' என்று திருத்திக்கொள்ளுங்கள். அவை குறைவாக நினைக்காது. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.