காட்டிக்கொடுக்கும் ஒளி, காப்பாற்றும் ஒளி



நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், நாம் கேட்கும் முதல் கேள்வி, "முழுவதும் எடுத்துவிடுவீர்களா டாக்டர்?" என்பதுதான். அதற்கு உறுதியான பதில் சொல்வது எளிதல்ல. ஸ்கேன் படத்தில் கட்டி தெரிந்தாலும், அறுவைச் சிகிச்சையின்போது கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும்தான் அதைத் தேடவேண்டும். ஆழத்தில் இருக்கும் சிறிய கட்டி கைக்கு அகப்படாமலே போகலாம்.

இதற்கு உதவ, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் லோவின் ஆய்விலிருந்து பஃபோலாசியனின் என்ற ஒளிரும் சாயம் பிறந்தது. நாம் உண்ணும் கீரையில் ஃபோலேட் என்னும் வைட்டமின் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள் பல, இதை மிகுதியாகப் பற்றி இழுக்கும் தன்மை உள்ளவை. ஃபோலேட்டைப் போன்ற அமைப்புடைய இந்தச் சாயத்தை அறுவைச் சிகிச்சைக்கு 1 மணி முதல் 24 மணி நேரத்திற்கு முன் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். கட்டி அதை இழுத்துக்கொள்கிறது. அதன் பசியே அதைக் காட்டிக்கொடுக்கிறது! அகச்சிவப்பு ஒளியைக் காணும் சிறப்புக் கேமராவின் திரையில் அந்த இடம் ஒளிர்கிறது.

2022 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்கு இதை அனுமதித்தது. ஆய்வில் மதிப்பிடப்பட்ட 100 பேரில் 24 பேருக்கு, கண்ணுக்கும் கைக்கும் தப்பிய புற்றுக்கட்டி ஒன்றாவது இதனால் தெரியவந்தது. ஆனாலும் ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. ஒளிராததெல்லாம் நலமும் அல்ல. திசுவைப் பரிசோதித்த பிறகே மருத்துவர்கள் முடிவு சொல்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, நாமோ பரிசோதிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஒருவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும், "என்ன பழக்கம் இருந்ததோ!" என்று முணுமுணுக்கிறோம். புகையிலையைத் தொடாதவருக்கும் இந்நோய் வருகிறது. பார்வையற்றுப் பிறந்தவரைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோது, அந்தக் கணக்கையே நம் ஆண்டவர் ஏற்கவில்லை. நம் முணுமுணுப்புக்கு அஞ்சித்தானே பலர் நாள்பட்ட இருமலையும் மறைக்கிறார்கள்? வீட்டாரும் நோயின் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள்?

அந்தச் சாயத்தின் ஒளி நோயாளியை வெட்கப்படுத்துவதற்கு அல்ல. நோயுற்ற பகுதியை நீக்கி, நலமான பகுதியைக் காப்பதற்கு. இறைவனின் ஒளியும் அப்படித்தான். ஒப்புரவு அருள்சாதனத்தில் நாம் மறைத்ததை அவர் வெளிச்சத்திற்குக் கொண்டுவருவது நம்மைத் தண்டிக்க அல்ல, குணமாக்கவே.

எனவே இந்த வாரம், சில வாரங்களாக இருமல் விடாதவர்கள் அஞ்சாமல் மருத்துவரைப் பார்ப்போம். நோயுற்றோர் இல்லங்களுக்குக் கேள்விகளோடு அல்ல, கனிவோடு செல்வோம். மருத்துவர்களின் கண்களுக்கும் கைகளுக்கும் இறைவன் துணைநிற்பாராக. ஆமென்.