சும்மாட்டில் எழும்பிய ஆலயம்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மத்தியதரைக் கடலோர நகரங்களின் பழம்பெரும் ஆலயங்களைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். கடலோ பெரியது, கரையோ நீண்டது, நமக்குக் கொடுத்திருக்கும் நேரமோ அரை மணி. சிசிலித் தீவிலுள்ள சிராக்கூசா நகரை எடுத்துக்கொள்வோம். புனித பவுல் கைதியாக உரோமைக்குப் போகும் வழியில் மூன்று நாள் தங்கிய ஊர் என்று அப்போஸ்தலர் பணி நூல் சொல்லும் ஊர் அது. அங்குள்ள பேராலயத்தின் சுவரில், கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் அத்தேனா தேவதைக்கு எழுப்பிய கோவிலின் தூண்களை இன்றும் காணலாம். இத்தாலியின் பாரி நகருக்குப் போனால் புனித நிக்கோலாஸ் ஆலயம். 1087-ல் அந்நகரின் மாலுமிகள் மீரா பட்டணத்திலிருந்து புனிதரின் எலும்புகளைக் கேளாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவற்றை வைக்க எழும்பியதே அந்த ஆலயம். பக்தியா, களவா என்று இன்றும் பட்டிமன்றம் நடத்தலாம். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் குன்றின் மேல் நிற்கும் காவல் அன்னையின் ஆலயத்தில், புயலில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்ட சிறு சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன.

இப்படி ஊர் ஊராய்ப் போனால் விடிந்துவிடும். ஆகையால் ஒரே ஓர் ஆலயத்தின் வாசலில் நிற்போம். ஸ்பெயின் நாட்டில் பார்சலோனா நகரத்தில் உள்ள சாந்தா மரியா தெல் மார், அதாவது கடல் மரியன்னை ஆலயம். இதைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல. அது பங்கு மக்கள் கட்டிய ஆலயம். அரசன் கட்டியதல்ல, ஆயர் கட்டியதல்ல. பங்கு விழாவில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆலயம் நமக்குத் தென்படவில்லை.

14-ம் நூற்றாண்டில் பார்சலோனா பெரிய வாணிப நகரம். ஆனால் அதற்குச் சரியான துறைமுகம் கிடையாது! கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகுக்காரர் சரக்கைக் கரைக்குக் கொண்டுவருவர். மணலிலிருந்து கிடங்குக்கும் கடைக்கும் மனித முதுகில்தான் எல்லாம் போக வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களைக் கத்தலான் மொழியில் ‘பஸ்தாஷ்’ என்பார்கள். அவர்களுக்கு வழங்கிய பெயரோடு ‘கப்சானா’ என்ற சொல்லும் சேர்ந்து வரும். பாரம் அழுத்தாமலிருக்க வைத்துக்கொள்ளும் திண்டுதான் அது. நம் தாய்மொழியில் ஒரே சொல் போதும்: சும்மாடு. சும்மாட்டுச் சுமையாட்கள் என்று அவர்களை அழைத்தால் தவறாகாது.

இவர்களும் படகோட்டிகளும் மீனவரும் சிறு தொழிலாளரும், அவர்களோடு கப்பல் வணிகரும் வாழ்ந்த கடலோரப் பகுதிக்கு ‘ரிபேரா’ என்று பெயர். மணல்வெளி மரியன்னை என்ற பெயரில் ஒரு பழைய கோவில் அங்கே இருந்தது. பங்கு பெருகிற்று, கோவில் போதவில்லை. பெர்னாட் லுய் என்ற தலைமைக் குரு முன்னின்று ஊக்கினார். 1329-ம் ஆண்டு மார்ச் 25-ம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தச் செய்தியை ஆலயச் சுவரில் இலத்தீனிலும் கத்தலான் மொழியிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். படித்தவருக்கு ஒரு மொழி, தெருவில் பேசுகிறவருக்கு ஒரு மொழி. அந்தக் காலத்திலேயே இப்படி எண்ணியிருக்கிறார்களே என்று வியப்பாக இருக்கிறது.

கட்டட வல்லுநர்கள் இருவர்: பெரெங்கேர் தெ மொந்தாகுட், ரமோன் தெஸ்புய்க். வேலை தொடங்கும்போதே ஒரு விதி செய்துகொண்டார்கள். இந்த ஆலயம் பங்கு மக்களுக்கே உரியது. அதன் பொறுப்பு முழுவதும் அவர்களையே சாரும் என்பது அது. பணம் உள்ளவர் பணம் தந்தனர். இல்லாதவர் உடலுழைப்பைத் தந்தனர். நகரத்தை ஒட்டியுள்ள மோன்ஜுயிக் குன்றில் அரசருக்குச் சொந்தமான கல்லுடைக்கும் இடம் இருந்தது. அங்கிருந்து கல் எடுத்துக்கொள்ள அரசர் அனுமதி கொடுத்தார். குன்றிலிருந்து நேராகவும், படகில் வந்து இறங்கிய கடற்கரையிலிருந்தும் கற்களைச் சுமையாட்கள் தங்கள் முதுகில் தூக்கி வந்தார்கள். பகலெல்லாம் கூலிக்குச் சுமந்த அதே முதுகு, அதே சும்மாடு. இதற்கு மட்டும் கூலி இல்லை.

அந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகளாக இருந்தனவா என்றால் இல்லை. 1333-ல் பஞ்சம். கத்தலோனிய மக்கள் அந்த வருடத்தை ‘முதல் கெட்ட வருடம்’ என்றே குறிப்பிடுவார்கள். 1348-ல் ஐரோப்பாவையே சூறையாடிய கொள்ளைநோய் பார்சலோனாவிலும் நுழைந்தது. வீட்டுக்கு வீடு பிணம். ஆனாலும் 1350 வாக்கில் சுவர்களும் பக்கச் சிற்றாலயங்களும் எழும்பி முடிந்திருந்தன. 1379-ல் தீ விபத்து, மறுபடியும் செப்பனிட்டார்கள். 1383 நவம்பர் 3-ம் நாள் கூரை வளைவின் கடைசி முடிகல்லைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, அங்கே முதல் திருப்பலி நிறைவேறியது.

ஆக, அடிக்கல்லிலிருந்து முடிகல் வரை 54 வருடம். இது நீண்ட காலம் என்று தோன்றலாம். அதே நகரத்துப் பேராலயத்தை 1298-ல் தொடங்கினார்கள். அரசர், ஆயர், பிரபுக்கள் எல்லாருடைய ஆதரவும் அதற்கு உண்டு. அதன் முகப்பு 19-ம் நூற்றாண்டின் இறுதியில்தான், ஒரு வங்கி முதலாளியின் உதவியால் கட்டப்பெற்றது. நாம் பேராலயத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. (கடல் மரியன்னை ஆலயத்தின் இரண்டு கோபுரங்களில் ஒன்று 1496-லும் மற்றது 1902-லும்தான் முடிந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். கோபுரம் என்றால் எந்தப் பங்கிலும் இழுபறிதான்!)

உள்ளே போவோம். எட்டுப் பட்டையுள்ள மெலிந்த தூண்கள். ஒன்றுக்கொன்று சுமார் 13 மீட்டர் இடைவெளி. அக்காலத்து ஆலயங்களில் இவ்வளவு அகலமான இடைவெளியைக் காண்பது அரிது. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். பக்கவாட்டில் தனிக் கிளைகள் இல்லை. ஆகவே உள்ளே நுழைந்தவுடன் முழு ஆலயமும் ஒரே மண்டபமாகக் கண்ணில் படுகிறது. தூணுக்குப் பின்னால் நின்று பீடம் தெரியாமல் தவிப்பவர் மிகக் குறைவு. பெரிய மனிதருக்கு முன்வரிசை, ஏழைக்குத் தூணின் மறைவு என்ற பேச்சுக்கே அங்கே இடம் குறைவு என்பது நம் கருத்து. அழகு என்று எதைச் சொன்னாலும், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1428 பெப்ருவரி 2-ம் நாள், மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளன்று, நிலநடுக்கம் வந்தது. முகப்பிலிருந்த வட்டச் சாளரம் இடிந்து விழுந்து, திருப்பலிக்கு வந்திருந்த மக்களில் பலர் மாண்டனர். இப்போது இருக்கும் ரோஜா வடிவச் சாளரம் அதற்குப் பின், 1459 வாக்கில் அமைத்தது.

புனித இஞ்ஞாசியாரையும் இங்கே நினைக்க வேண்டும். 1523-ல் எருசலேம் திருயாத்திரைக்குப் பார்சலோனாவிலிருந்துதான் அவர் கப்பலேறினார். பிச்சை எடுத்ததில் மிஞ்சிய ஐந்தாறு காசுகளைக் கடற்கரை ஓரத்து பெஞ்சு ஒன்றில் வைத்துவிட்டுப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, முப்பது வயதுக்கு மேல் சிறு பையன்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்த காலத்தில், இந்த ஆலயத்தின் படியில் அமர்ந்து பிச்சை கேட்டார். அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அவருடைய தோழர் சவேரியார் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆக, நமக்கும் அந்தப் படிக்கும் கொஞ்சம் உறவு உண்டு.

நிற்க. இதுவரை சொன்னவை கேட்க இனிமையானவை. இதோடு நிறுத்தினால் கைதட்டுவீர்கள். ஆனால் வரலாறு அதோடு நிற்கவில்லை.

1936 ஜூலையில் ஸ்பெயினில் இராணுவக் கலகம் வெடித்து உள்நாட்டுப் போர் மூண்டது. பார்சலோனாவில் கலகத்தை முறியடித்த நாட்களில் கூட்டங்கூட்டமாய் மக்கள் ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள். கடல் மரியன்னை ஆலயமும் எரிந்தது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, 11 நாள் எரிந்தது. 18-ம் நூற்றாண்டில் அமைத்த பெரிய பீடம், சொரூபங்கள், பங்கின் பழைய ஏடுகள் அனைத்தும் சாம்பல். தலைமுறை தலைமுறையாக அந்த மக்களின் ஞானஸ்நானமும் திருமணமும் மரணமும் எழுதியிருந்த ஏடுகள் அவை! அந்தப் போரில் ஸ்பெயின் முழுவதிலும் கொலையுண்ட குருக்கள், துறவியர் மட்டும் 6,800 பேருக்கு மேல்.

தீ வைத்தவர் யார்? வெளிநாட்டுப் படையா? இல்லை. அதே நகரத்துத் தொழிலாளர்கள். சும்மாடு வைத்துக் கல் சுமந்த வர்க்கத்தின் பிள்ளைகள் என்றே சொல்லலாம். முதுகில் சுமந்து கட்டியதைக் கையால் கொளுத்தும் அளவுக்கு இடையில் என்ன நடந்தது? கொலைக்கும் தீவைப்புக்கும் நியாயம் கற்பிக்க நாம் வரவில்லை. மாண்டவர்களில் ஏழைகளுக்கே உழைத்த குருக்களும் கன்னியரும் ஏராளம். ஆனால் தீயை மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு முன் நடந்ததை மூடி மறைப்பது உண்மையாகாது.

ஒரே ஒரு நிகழ்ச்சி சொல்கிறோம். 1909 ஜூலை. மொரோக்கோவில் நடந்த சண்டைக்கு மறுபடியும் ஆள் எடுத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் பலர் முன்பே இராணுவச் சேவை முடித்து வீடு திரும்பி, மனைவி மக்களோடு கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். 1,500 பெசேட்டா கட்டினால் சேவையிலிருந்து விலக்குப் பெறலாம் என்று சட்டம் இருந்தது. ஆலைத் தொழிலாளி ஆண்டு முழுதும் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை அது. பணக்காரர் பிள்ளைகள் கட்டினார்கள், ஏழைகள் கப்பலேறினார்கள். பார்சலோனாத் துறையில் கப்பல் புறப்படும்போது சீமாட்டிகள் சிலர் வந்து, போகிறவர்களுக்குப் புண்ணியமாக இருக்கட்டும் என்று மாதா சுரூபப் பதக்கங்களும் சிகரெட்டும் வழங்கினார்கள். பக்தியோடுதான் செய்தார்கள், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் தங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு செய்தார்கள். வாங்கியவர்களில் சிலர் அந்தப் பதக்கங்களைக் கடலில் வீசி எறிந்தார்கள்.

கடல் மரியன்னையின் கரையில், மாதாவின் பதக்கம் கடலுக்குள் போயிற்று. அடுத்த வாரமே வேலைநிறுத்தம், கலவரம், ஆலயங்களும் மடங்களும் பள்ளிகளுமாகச் சுமார் 80 கட்டடங்கள் எரிந்தன. ‘துயர வாரம்’ என்று அதற்குப் பெயர். 1936-ன் பெருந்தீக்கு 27 வருடம் முன்னதாகவே புகை தெரிந்துவிட்டது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நம் வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். இந்தப் பொன்விழா மலரில் நன்கொடையாளர்களின் புகைப்படங்கள் வருகின்றன. வரவேண்டியதுதான். ஆனால் இந்த ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது வேலை முடிந்து வந்து, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மண்ணும் செங்கலும் சுமந்த ஆண்களும் பெண்களும் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். அவர்களில் யார் யார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்? மலர் அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு பக்கம் ஒதுக்கி அவர்கள் பெயர்களைப் போடலாமே. பெயர் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மறுபடி பார்சலோனா. தீ அணைந்தபின் நின்றது என்ன? கல் நின்றது. சுமையாட்கள் கொண்டுவந்த கல், தூண், வளைவு, மேலுள்ள சாளரங்கள் பல, எல்லாம் நின்றன. போர் முடிந்து செப்பனிட்டபோது, எரிந்துபோன பெரிய பீடத்தைப் போல இன்னொன்று செய்து வைக்கவில்லை. வெறும் கல்லும் வெளிச்சமுமாக விட்டுவிட்டார்கள். பீடத்தருகே மாதா சொரூபம். அதன் காலடியில் சிறு பாய்மரக் கப்பல். அலங்காரம் போனதால்தான் ஆலயத்தின் உண்மையான அழகு வெளிப்பட்டது என்று பலர் சொல்லுகிறார்கள். எழுதிய ஏடுகளை இழந்த பங்குக்கு அது ஆறுதலாகுமா என்பது நமக்குத் தெரியாத காரியமல்ல, ஆகாது.

செப்பனிடும் பணிக்கு நகரத்தின் புகழ்பெற்ற காற்பந்துக் கழகம் பொருளுதவி செய்தது. நன்றிக்கு அடையாளமாக அதன் சின்னத்தை ஒரு சாளரக் கண்ணாடியில் சிறிதாக வைத்திருக்கிறார்கள். பையன்கள் மாதாவைப் பார்த்துவிட்டு அதைத்தான் தேடுவார்கள் போலும். 2006-ல் இந்த ஆலயம் கட்டிய கதையை வைத்து இல்தெபோன்சோ பல்கோனெஸ் என்ற வழக்கறிஞர் ஒரு நாவல் எழுதினார். அதன்பின் உலகம் முழுவதிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் திரண்டு வருகிறார்கள். ஆனாலும் அது காட்சிசாலை ஆகிவிடவில்லை. பங்கு இன்றும் இருக்கிறது, திருப்பலி இன்றும் நடக்கிறது.

பெருவாயிலின் மரக்கதவில் இரண்டு சிறிய வெண்கல உருவங்களைப் பதித்திருக்கிறார்கள். புனிதர்களோ, ஆயர்களோ, நன்கொடை தந்த வணிகர்களோ அல்ல. முதுகு வளைந்து பாரம் சுமக்கும் இரண்டு சுமையாட்கள். உள்ளேயும், பீடத்தின் பக்கத்தில் கல்லில் அவர்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து மறைக்கல்வி மாணவரின் நாடகம் திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது.