வீட்டு சர்வர்: எஸ்எஸ்டி போட்டாச்சு, பேக்கப் எங்கே?

"வீட்லயே ஒரு சர்வர் ரெடி பண்ணணும், எஸ்எஸ்டி எது வாங்கலாம்?" நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். கூடவே நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லணும்.

முதல்ல என் செட்டப். இன்டெல் என்100 சிப் போட்ட ஒரு மினி பிசி. டிபன் பாக்ஸ் சைஸ்தான். 1 டெராபைட் எஸ்எஸ்டி ரெண்டு. ஓஎஸ் உபுண்டு சர்வர், போட்டோவுக்கு இம்மிச், படத்துக்கு ஜெல்லிஃபின். சராசரியா 10 வாட் இழுக்குது. நாள் முழுக்க ஓடினாலும் மாசத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான்.

எஸ்எஸ்டி வாங்கும்போது வேகத்துக்குக் காசைக் கொட்டாதீங்க. வீட்ல இருக்கிற ஜிகாபிட் நெட்வொர்க்ல வினாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்தான் போகும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500-க்கு மேல தரும். அப்புறம், "எழுத எழுத தேஞ்சிடுமே"ன்னு ஒரு பயம். சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட் மாடலுக்கு 600 டெராபைட் எழுதுற வரைக்கும் வாரண்டி உண்டு. தினமும் 50 ஜிபி எழுதினாக்கூட அந்தக் கணக்கு முடிய 30 வருஷத்துக்கு மேல ஆகும். பயப்பட வேண்டிய விஷயம் வேற.

ரெண்டு எஸ்எஸ்டியையும் ரெய்டு 1-ல மிரர் பண்ணி, "பேக்கப் இருக்கு"ன்னு நிம்மதியா இருந்தேன். அதுல ஒரு ஃபோல்டர், எங்க தாத்தா ஊர்ல இருந்து அனுப்பின வாய்ஸ் நோட்ஸ். அவர் இப்போ இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, தூக்கக் கலக்கத்துல ஃபோல்டரை எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு இருந்தேன். ஆர்சிங்க் கமாண்டை டிலீட் ஆப்ஷனோட ஓட்டினேன். சோர்ஸ்ல கொடுத்தது ஒரு காலி ஃபோல்டர். அந்தப் பக்கம் இருந்ததும் காலி. ஒரு டிஸ்க் செத்தா இன்னொண்ணு ஓடணும், மிரரோட வேலை அவ்வளவுதான். நானே அழிக்கச் சொன்னா ரெண்டுலயும் சமத்தா அழிச்சிடும்.

புதன்கிழமை அப்பா கேட்டார், "தாத்தா பேசினது ஒண்ணு போடுடா." அப்பதான் பார்த்தேன்.

ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஃபைலை அழிச்சாலும், அந்த இடத்துல வேற எதையாவது எழுதுற வரைக்கும் டேட்டா அங்கேயே கிடக்கும். ரெகவரி டூல் வச்சு தேடி எடுக்க வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டியில ட்ரிம்னு ஒண்ணு உண்டு. "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்"னு ஓஎஸ் சொல்லும், எஸ்எஸ்டி அதைத் துடைச்சிடும். வேகம் குறையாம இருக்க இது தேவை. உபுண்டுல இது வாரம் ஒரு தடவை, திங்கட்கிழமை அதிகாலை தானாவே ஓடும். நான் அழிச்சது ஞாயித்துக்கிழமை ராத்திரி. ரெகவரி டூல்ல வந்ததெல்லாம் வெறும் ஜீரோ.

கடைசில அத்தையோட பழைய போன்ல 9 வாய்ஸ் நோட் கிடைச்சுது. ஒண்ணுல, "அங்க மழை பெய்யுதா?"ன்னு கேக்கிறார். மத்ததெல்லாம் போனது போனதுதான்.

இப்போ என்ன பண்றேன்? வாரம் ஒரு நாள் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, காப்பி பண்ணி, கழட்டி வச்சிடறேன். கழட்டி வச்ச டிஸ்க்கை எந்தக் கமாண்டும் தொடாது. இன்னொரு ஹார்ட் டிஸ்க் அத்தை வீட்டு பீரோல. ஏன் அதுவும் எஸ்எஸ்டி இல்லன்னா, கரண்ட் இல்லாம ரொம்ப நாள் சும்மா கிடந்தா எஸ்எஸ்டி செல்லுல இருக்கிற சார்ஜ் மெல்லக் கசியும். அலமாரியில கிடக்கிற காப்பிக்கு பழைய ஹார்ட் டிஸ்க்தான் சரி, விலையும் கம்மி.

சர்வர் கட்டுங்க, ஜாலியான வேலை. ஆனா அதுல போட்டோ ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ஃபைலை வேணும்னே அழிச்சு, பேக்கப்ல இருந்து திரும்ப எடுத்துப் பாருங்க. வந்துச்சுன்னாதான் அது பேக்கப்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.