கைப்பிடி போடாத ஒன்பது கூடைகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"வயர் கூடை பின்னி எப்படி முன்னேறினேன்னு பேசுங்க"ன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. முன்னேறினதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல நான் மாட்டிக்கிட்ட கதையைச் சொல்றேன். அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

சில வருஷத்துக்கு முன்னாடி குழுவில் 3,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி, மாசம் 300 ரூபாய் அசல். 2019 ஜனவரியில் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, எங்க பக்கம் கூடை கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் முழுப் பணத்துக்கும் வயர் வாங்கினேன்.

எனக்குக் கை வேகம். ராத்திரி டிவி பார்த்துக்கிட்டே அடி போட்டுடுவேன். மறுநாள் நாலு பக்கமும் உயர்த்திடுவேன். அதுக்குள்ள கடைக்காரர், "மயில் கழுத்து நிறம் புதுசா வந்திருக்கும்மா"ன்னு சொல்வார். உடனே அதை வாங்கி வேற கூடை ஆரம்பிப்பேன். சாதா முடிச்சில் ஒண்ணு, நெல்லிக்காய் முடிச்சில் ஒண்ணு, சிவன் கண்ணில் ஒண்ணு. ஆரம்பிக்கிறதுல இருக்கிற சந்தோஷம் எனக்கு முடிக்கிறதுல இல்லை. கொஞ்ச நாளில் கட்டிலுக்கு அடியில் ஒன்பது கூடை சேர்ந்துவிட்டது. எல்லாம் முக்கால்வாசி முடிந்தவை. ஒண்ணுக்கும் கைப்பிடி கிடையாது.

கைப்பிடி இல்லாத கூடையை யார் வாங்குவாங்க? ரெண்டு மாசம் என்னால தவணை கட்ட முடியலை. அந்த நேரத்தில் எங்க குழுவில் ஒரு தங்கச்சி, மகளோட கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டாள். குழுவில் இருப்பு போதவில்லை. கேட்டதில் பாதிதான் கொடுக்க முடிந்தது. பாக்கி வைத்திருந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. ஆனால் மீதிப் பணத்துக்கு அவள் கம்மலை அடகு வைத்தாள். அடுத்த கூட்டத்தில் வேப்பங்குச்சி போட்ட காதோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அன்னைக்குத்தான் எனக்கு உறைத்தது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என் கூடை மட்டும் இல்லை, அவளோட பணமும்தான்.

அன்று ராத்திரி ஒன்பதையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். மாமியார் பார்த்துவிட்டுக் கேட்டாங்க: "ஏம்மா, எல்லாத்தையும் ஒரே இடத்துல நிறுத்தியிருக்கியே?"

நேரம் இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். உண்மை அது இல்லை. நான் விற்ற முதல் கூடை சந்தையிலேயே கைப்பிடி பிய்த்துக்கொண்டது. வாங்கின அம்மாவோட தேங்காயும் கத்தரிக்காயும் ரோட்டில் உருண்டது. அந்த அவமானத்துக்கு அப்புறம் கைப்பிடின்னாலே எனக்குப் பயம். பயத்துக்கு நான் வைத்த பேர் 'நேரமில்லை'.

மறுநாள் பக்கத்துக் குழுவில் இருக்கும் ஒரு பெரியம்மாகிட்ட கூடையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். அவங்க பார்த்ததும் சொல்லிட்டாங்க: "நீ விளிம்பில் மட்டும் கோக்கிற. மொத்தக் கனமும் ஒரு வரிசை முடிச்சுல இறங்குது. நாலஞ்சு வரிசை கீழே இறக்கிக் கோத்து மேலே கொண்டு வா." இன்னொண்ணும் சொன்னாங்க: "அடி போடுறதுக்கு முந்தியே கைப்பிடிக்கு வேண்டிய வயரை வெட்டித் தனியா கட்டி வச்சிரு. கடைசியில் பார்த்தா மீதி இருக்காது."

ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்ட வேலை அது. அதுக்குப் பயந்து எத்தனை மாசம் வட்டி கட்டினேன்!

ஒன்பதில் ஆறுக்கு அந்த வாரமே கைப்பிடி போட்டேன். ரெண்டுக்கு அதே நிற வயர் கிடைக்கலை. கடையில் அடுத்த முறை வந்த வயர் சற்று வெளுத்திருந்தது. அதனால் வேண்டுமென்றே வேற நிறத்தில் கைப்பிடி போட்டேன். அது ரெண்டும்தான் முதலில் விற்றது. கடைசிக் கூடைக்கு அடியே கோணல். அதைப் பிரித்துவிட்டேன். பிரித்த வயரில் முடிச்சு விழுந்த மடிப்பு போகாது, ஆனால் சின்னப் பூக்கூடைக்கு ஆகும். எல்லாத்தையும் முடித்தே ஆகணும்னு இல்லை, அக்கா. முடிக்கணும், இல்லை பிரிக்கணும். அப்படியே கிடக்க விடக்கூடாது.

சரி, முடித்த பிறகு அடுத்து என்ன பின்னுவது? முன்னெல்லாம் கடையில் எந்த நிறம் கண்ணில் படுதோ அதுதான். இப்போ மூணு கேள்வி கேட்டுக்கிறேன்.

முதல் கேள்வி, இதை யார் தூக்கிக்கிட்டுப் போவாங்க? பள்ளிக்கூடப் பிள்ளைன்னா டிபன் பாக்ஸும் தண்ணி பாட்டிலும் நிற்கிற மாதிரி குறுகலான கூடை. சந்தைக்குன்னா அகலமான அடி, நல்ல உயரம். கோயிலுக்குன்னா தேங்காய் பழம் வைக்கிற சின்னக் கூடை.

இரண்டாவது, எப்போ கேட்பாங்க? ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும், அதனால் டிபன் கூடை மே மாசமே முடிந்திருக்கணும். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆவணியில் வரிசையா வரும். தாம்பூலத்துக்குக் குட்டிக் கூடை கேட்பாங்க. அதனால் ஆடி மாசம் நமக்குச் சும்மா இருக்கிற மாசம் இல்லை.

மூணாவது, கையில் என்ன வயர் இருக்கு? இருக்கிறதைத் தீர்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகணும். பெரிய ஆர்டர்னா மொத்த வயரையும் ஒரே தடவையில் வாங்கிடுங்க, நிறம் மாறாது.

ஒருத்தர் என்கிட்ட கேட்டார், "இதுவும் பிளாஸ்டிக்தானே?"ன்னு. நியாயமான கேள்வி. பத்து வருஷம் உழைத்தால்தான் நம்ம கூடைக்கு மரியாதை. கைப்பிடி பிய்ந்தால் இதுவும் குப்பைதான்.

அந்தக் கடனை அடைத்துவிட்டேன். அதுக்குப் பிறகு ரெண்டு கடன் வாங்கினேன், ஒரு தவணை தவறலை. ஒரு கூடைக்குக் கைப்பிடி ஏறாமல் அடுத்ததுக்கு அடி போடுறதில்லை. நான் முன்னேறின கதை அவ்வளவுதான். அந்தத் தங்கச்சியும் கம்மலை மீட்டுட்டாள். இப்போ அவள் அடி போடுறாள், நான் கைப்பிடி போடுறேன், ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆர்டர் எடுக்கிறோம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். கூடையோ, கம்பளி ஸ்வெட்டரோ, எம்பிராய்டரி போட்ட ஜாக்கெட்டோ, பாதியில் நிற்கிறது எல்லார் வீட்டிலும் ஒண்ணு இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கிட்டு வாங்க. எந்த இடத்தில் நிறுத்தினீங்கன்னு கூச்சப்படாமல் சொல்லுங்க. அந்த இடம் தெரிந்த ஒருத்தி நம்ம கூட்டத்திலேயே கண்டிப்பா இருப்பாள்.