பெருங்காய டப்பாவுக்குள்ள கோதுமை

இந்த வாரம் நாகர்கோவில் வீட்டுல இருந்து பேசுறேன். பின்னாடி மிக்ஸி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, காரணம் அப்புறம் சொல்றேன்.

என் அக்கா பையனுக்கு ஏழு வயசு. அடிக்கடி வயித்துவலி, எடை ஏறவே இல்லை. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் முடிச்சு டாக்டர் சொன்னது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்கள்ல இருக்கிற குளூட்டன் உள்ளே போனா, அவன் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். வாழ்நாள் முழுக்க அதைத் தொடாம இருக்கிறதுதான் வைத்தியம்.

நான் உடனே ஆன்லைன்ல பாதாம் மாவு, கினோவா மாவுன்னு ஆர்டர் போட்டேன். அம்மா பாக்கெட்டுல விலையைப் பார்த்துட்டு, "அரிசி மாவுக்கு என்ன கொறச்சல் மக்களே?"ன்னாங்க. நியாயம்தான். புட்டு, இடியாப்பம், ஆப்பம், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்னு வளர்ந்த ஊரு இது. திருவிதாங்கூர்ல 1880-ல் பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பினார். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்னப்போ, திருவிதாங்கூர் ஜனங்க வயித்தை நிரப்பினது அதுதான். எங்க பகுதியும் 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடதானே இருந்துச்சு.

பையன் சப்பாத்தி கேட்டு அழுதான். அம்மா ஒரட்டி சுட்டாங்க. கோதுமை மாவு இழுத்தா இழுபடுறதுக்குக் காரணம் குளூட்டன். அரிசி மாவுல அது கிடையாது, அதனால கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசையணும். ஸ்டார்ச் சூட்டுல பசையாகி மாவைப் பிடிச்சுக்கும். தேங்காய்ப்பூ, சீரகம், சின்ன உள்ளி சேர்த்துத் தட்டினா சப்பாத்தியை மறந்துடுவீங்க. சரி, அவன் மறக்கலை.

ஆனா பல மாசம் கழிச்சு எடுத்த ரத்தப் பரிசோதனையிலயும் அளவு இறங்கலை. "எங்கேயோ கோதுமை போகுது"ன்னார் டாக்டர். சமையலறையில இருந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் படிச்சேன். கடைசியா பெருங்காய டப்பா. கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம்னு போட்டிருந்துச்சு. எடை அதிகமானதைத்தான் முதல்ல எழுதுவாங்க, கவனிங்க.

ஆப்கானிஸ்தான், ஈரான்ல இருந்து வர்ற பிசினை அப்படியே சமையல்ல போட முடியாத அளவுக்குக் காரம். அதனால மைதாவோ அரிசி மாவோ கலந்து விக்கிறாங்க. சட்டப்படி சரிதான். ஆனா தினமும் சாம்பார், ரசம்னு அவன் தட்டுக்குப் போயிருக்கு.

அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. "நாந்தானே பிள்ளைக்குக் குடுத்திருக்கேன்"னு மட்டும் சொன்னாங்க.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைச்ச மெஷின்லயே நம்ம அரிசியும். அதான் இப்ப வீட்டுலயே அரைக்கிறோம், அந்த மிக்ஸி சத்தம். கடையில வாங்குறதா இருந்தா குளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருக்கணும். இந்திய விதிப்படி அதுல கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது.

இன்னொண்ணு. உங்களுக்குச் சந்தேகம் இருந்தா, கோதுமையை நிறுத்திட்டு டெஸ்டுக்குப் போகாதீங்க. நிறுத்தினா ரத்தத்துல தெரியாமப் போகலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க.

இப்ப எங்க வீட்டு ரசத்துல பூண்டு மட்டும்தான். "மணக்கலையே ஆச்சி"ங்கறான் பையன். அரிசி மாவு கலந்த பெருங்காயம் ஒண்ணு தேடி வாங்கிக் குடுத்தேன். அம்மா இன்னும் டப்பாவைத் திறக்கலை.